பண்டாரி பெண்டாட்டிக்கு ஒரு தட்டு

ஜெய்னுலாபுதீனுக்கு முந்நூறு பேருக்குப் பிரியாணி போடத் தெரியும். ஐநூறு பேருக்கும் தெரியும். ஆயிரம் பேர் என்றால் மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இன்னும் உற்சாகமாக நிற்பார். மூன்று பேருக்குப் போடச் சொன்னால்தான் ஆள் காலி. இந்த விஷயம் புதுச்சேரியில் ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. அட, அவருக்கே தெரியாமல் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வெளியே இழுத்துப் போட்டது அவர் மகள் நூரீனின் செல்போன்.

கல்யாண வீடுகளில் தேக்சா என்கிற பெரிய அண்டா வைத்துப் பிரியாணி ஆக்குகிறவரைப் பாய் வீடுகளில் பண்டாரி என்பார்கள். ஊரில் பண்டாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே, மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால் பண்டாரி யார் என்று கேட்கிற ஜனம் இது. ஜெய்னு பண்டாரி என்று பதில் வந்துவிட்டால் மாப்பிள்ளையைப் பற்றி அப்புறம் அதிகமாக விசாரிக்க மாட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கும் நூரீனுக்கு லீவு. முல்லா வீதி வீட்டின் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ரோஷன் பீவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சுமலதா, தன் வீட்டில் கேபிள் வரவில்லை என்று சாக்கு சொல்லிக்கொண்டு வந்து, கீரைக்கு உதவுகிற மாதிரி உட்கார்ந்து காம்பையும் இலையையும் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் கல்யாண வேலை முடித்த அலுப்பில் ஜெய்னுலாபுதீன் ஈஸிசேரில் அரைத்தூக்கம்.

நூரீன் படிக்க ஆரம்பித்தாள். புதுச்சேரி மாநிலத்துக்கு வந்தால் கட்டாயம் சாப்பிட வேண்டிய பாரம்பரிய உணவுகள் என்று ஊர் சுற்றுகிற பையன் ஒருவன் எழுதி வைத்திருந்தான். முதலில் ஏனாம் புலசை மீன் குழம்பு. அடுத்தது மாஹே பத்திரி. ஏனாம் எங்கே கிடக்கிறது, மாஹே எங்கே கிடக்கிறது, இதை எல்லாம் ஒருத்தன் ஒரே லீவில் எப்படித் தின்று முடிப்பான் என்று சுமலதா கேட்டாள். நியாயமான கேள்விதான். பிறகு வடகம் தாளித்த கறிக்குழம்பு, சுறாப்புட்டு என்று வந்தது. இந்தச் சுறாப்புட்டைத் தின்னவா மனிதர்கள் ரயில் ஏறி வருகிறார்கள், நம்ம வீட்டில் மிஞ்சினால் பூனைக்குப் போடுகிறோமே என்று ரோஷன் பீவி சிரித்தாள்.

அதற்கடுத்ததைப் படிக்கும்போது நூரீனின் குரல் மேலே போனது. கல்யாண வீட்டுப் பிரியாணி, அதிலும் ஜெய்னு பண்டாரி கை. ஓட்டலில் கிடைக்காது, காசு கொடுத்தாலும் கிடைக்காது, யாராவது பத்திரிகை வைத்தால் விடாதீர்கள், சாப்பிடாமல் செத்துப்போகாதீர்கள் என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். ஜெய்னுலாபுதீன் கண்ணைத் திறக்காமலே மீசையைத் தடவிக்கொண்டார். தூங்குகிற மாதிரி இருந்தாலும் காது இரண்டும் நன்றாக விழித்துத்தான் இருந்தன.

சுமலதா சும்மா இருந்திருக்கலாம். அவள் என்றைக்கு சும்மா இருந்தாள்? தான் நாலு கல்யாணத்தில் சாப்பிட்டதையும், ஒவ்வொன்றிலும் இரண்டாவது தட்டு வாங்கியதையும், தன் வீட்டுக்காரருக்குக் கறியே பிடிக்காது என்றாலும் குஸ்காவுக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதையும் வரிசையாகச் சொன்னாள். கேஸ் சிலிண்டர் போடுகிற பையன் சாப்பிட்டிருக்கிறான். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் சாப்பிட்டிருக்கிறார். கோடி வீட்டில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இன்றைக்கும் பென்ஷன் வாங்குகிற சொல்தா பெரியவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடச் சாப்பிட்டிருக்கிறார்.

"உனக்கு என்னாக்கா, வீட்டுக்குள்ளயே கடல வெச்சிருக்க," என்றாள் சுமலதா.

ரோஷன் பீவி கீரையைக் கீழே வைத்தாள். "நான் ஒரு வாய் கூட சாப்ட்டதில்ல," என்றாள்.

சுமலதா நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? ஆனால் அது உண்மை. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஜெய்னுலாபுதீன் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் கறி குறைந்துபோனது. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய பண்டாரி தூக்குவாளியோடு சைக்கிளில் போனதைப் பார்த்தேன் என்று எவனோ கொளுத்திப் போட்டான். வாளியில் இருந்தது வீட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பு. யார் கேட்டார்கள்? கறித் திருடன் என்ற பேர் அவர் கண் மூடும்வரை போகவில்லை. அதைப் பார்த்து மிரண்டுபோன ஜெய்னுலாபுதீன், தன் தேக்சாவிலிருந்து ஒரு பருக்கை கூடத் தன் வீட்டுக்குப் போகாது, தான் ஆக்குகிற விசேஷத்தில் தன் வீட்டார் கை நனைக்கவும் மாட்டார்கள் என்று சபதம் போட்டார். ரோஷன் பீவி புதுப்பெண்ணாக வந்தபோது இதைக் கேட்டுப் பூரித்துத்தான் போனாள். மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டாள். இந்தச் சபதத்தில் மாட்டிக்கொண்டது தன்னுடைய நாக்கு என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

கால் நூற்றாண்டாக ஊர்க் கல்யாணங்களில் அவள் மொய்யை எழுதிவிட்டு, பந்தி போடும் நேரத்துக்கு நழுவிவிடுவாள். ஏன் என்று கேட்டால் வயிற்றில் புண், கறி ஒத்துக்காது என்பாள். ஊர்ப் பெண்கள் அதை அப்படியே நம்பிவிட்டார்கள். போகிற இடமெல்லாம் மணத்தக்காளிக் கீரையைக் கையில் திணித்தார்கள். ஒருத்தி திருச்சியில் இருந்து சூரணம் வரவழைத்துக் கொடுத்தாள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிற்றை வைத்துக்கொண்டு ரோஷன் பீவி அத்தனை சூரணத்தையும் வாங்கி வந்து அலமாரியில் அடுக்கினாள்.

இதுவரை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்று சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, உத்தரவாகச் சொன்னாள்.

"ஏங்க, முழிச்சிருக்கீங்கன்னு தெரியும். எனக்கு ஒரு தட்டு வேணும். யார் வூட்டு தேக்சாவுலயும் எடுக்க வேணாம். நம்ம காசுல கறி வாங்கி, நம்ம அடுப்புல, நம்ம மூணு பேருக்கு செய்ங்க. அதுவரைக்கும் நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன்."

ஜெய்னுலாபுதீன் கண்ணைத் திறந்து கடகடவென்று சிரித்தார். மூன்று பேருக்கா? அதைத் தூக்கத்திலேயே செய்துவிடுவேன் என்றார். தூக்கத்தில் செய்திருந்தால் ஒருவேளை நன்றாக வந்திருக்குமோ என்னமோ.

மறுநாள் காலையில் அவர் சொந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தார். முதலில் அங்கே நிற்கவே இடம் போதவில்லை. திரும்பினால் முழங்கை மிளகாய்த்தூள் டப்பாவில் இடித்தது. குனிந்தால் பின்பக்கம் ஃபிரிட்ஜைத் திறந்தது. கரண்டி கேட்டார், ரோஷன் பீவி கொடுத்தாள். அதைக் கையில் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது பல் குத்துகிற குச்சியா என்று கேட்டார். அவர் கரண்டி ஆள் உயரம் இருக்கும்; படகுத் துடுப்பு மாதிரி இரண்டு கையாலும் தள்ளினால்தான் அவருக்குத் தோள் பேசும். ஆனாலும் வாய்ச்சவடால் குறையவில்லை. வெங்காயம் வதக்கினார், கறி போட்டார், தயிர் ஊற்றினார். எல்லாம் சரியாகத்தான் போனது. உப்பு நேரம் வந்ததும் அவருடைய கை, எஜமானைக் கேட்காமல், ஜாடிக்குள் போய் வழக்கம்போல் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டது.

நூரீன் ஒரு வாய் வைத்தாள். ஓடிப்போய்க் குழாயடியில் வாயை வைத்தாள். ரோஷன் பீவி சுறாப்புட்டுப் பூனையைக் கூப்பிட்டு ஒரு துண்டு கறி வைத்தாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள், அப்படி ஒரு பார்வையை அவர் எந்தச் சம்பந்தி வீட்டிலும் வாங்கியதில்லை. அன்று மூன்று பேரும் ஓட்டல் இட்லி சாப்பிட்டார்கள்.

கைக்கணக்கு வேண்டாம், கம்ப்யூட்டர் கணக்கு போடுவோம் என்றாள் நூரீன். கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண்ணல்லவா? நூறு பேர் தேக்சாவுக்கு என்னென்ன எவ்வளவு என்று அவரைக் கேட்டு, எல்லாவற்றையும் வகுத்துக் கொடுத்தாள். அதன்படி அன்னாசிப்பூவில் மூன்று இதழ் மட்டும் கிள்ளிப் போட வேண்டும். பிரிஞ்சி இலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஜாதிக்காயை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலே போதும் என்கிற அளவு. ஜெய்னுலாபுதீன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏலக்காயைக் கத்தியால் கால்வாசி நறுக்கினார். பாதி அடுப்புக்கு அடியில் பறந்துவிட்டது. தண்ணீரையும் அதே மாதிரி வகுத்துக் குக்கரில் ஊற்றினார். ஆனால் தண்ணீருக்கு வகுத்தல் கணக்கெல்லாம் தெரியாதே. சீரகச் சம்பா குழைந்து, கறி கரைந்து, கடைசியில் மூடியைத் திறந்தபோது கரண்டிக்கு வேலையே இல்லை, டம்ளர் போதும்.

நோன்புக்கு இன்னும் எத்தனையோ மாசம் இருக்கிறதே, இப்போதே எதற்குக் கஞ்சி என்று ரோஷன் பீவி கேட்டாள். அன்றைக்கும் ஓட்டல்.

மூன்றாம் முறை அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. குற்றம் தன் கையில் இல்லை, தம் போடுவதில்தான் என்று கண்டுபிடித்தார். விறகடுப்பும், மூடி மேலே கரி நெருப்பும் இல்லாமல் பிரியாணி எப்படிப் பிரியாணி ஆகும்? எங்கிருந்தோ கரி வாங்கி வந்து கனல வைத்து, பிரஷர் குக்கரின் மூடிமேல் அள்ளிக் கொட்டினார். குக்கரில் ரப்பர் வளையம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருவதற்குள் தெருவெல்லாம் டயர் எரிகிற நாற்றம். சுமலதா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, யார் வண்டி எரிகிறது என்று கேட்டாள். அவரைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடியே போனாள்.

ரோஷன் பீவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். புது குக்கர், போன ரம்ஜானுக்குத்தான் வாங்கியது. அவள் கத்தவில்லை. கருகிய குக்கரை எடுத்துத் தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் கை வருது. எனக்குன்னா மட்டும் வர மாட்டேங்குது பாருங்க. சரி வுடுங்க. நாளைக்கு ரசம் வெச்சிடறேன்."

ஜெய்னுலாபுதீனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பூனை முகத்தைத் திருப்பியதைத் தாங்கினார், சுமலதா சிரித்ததைத் தாங்கினார், இதைத் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே கெடுக்கிறேன் என்று நினைக்கிறாளா? தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஏப்பம் விட்டுப் போகிறான், இவளுக்கு ஒரு தட்டு போட வக்கில்லையா தனக்கு? கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அப்போதுதான் அவருக்கு அது பளிச்சென்று புரிந்தது. தனக்கு மூன்று பேருக்கு வராது. வரவே வராது. நூறு பேருக்குத்தான் வரும். அப்படியானால் நூறு பேருக்குப் போட வேண்டியதுதான். அந்த நூற்றில் ஒருத்தியாக அவள் சாப்பிடட்டும்.

இதைச் சொன்னபோது நூரீன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மீதி ஆட்களுக்கு எங்கே போவது? கோரிமேடு ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கொடுக்கலாமே என்று அவர் யோசனை சொன்னார். வைத்தியத்துக்கு வந்தவன் வயிற்றில் மட்டன் பிரியாணியைப் போட்டால் டாக்டர் நம்மைத்தான் தேடிக்கொண்டு வருவார் என்று ரோஷன் பீவி அதை அடித்துவிட்டாள். ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது. ரசம் வைக்கிற பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் தெருவையே கூப்பிட்டுவிடுவது என்று முடிவானது. நூரீன் அன்றைக்கு லீவு போடுவதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை ஜெய்னுலாபுதீன் ஆதிமூலத்தின் வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனார். இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் பழக்கம். அவர் தேக்சா கேட்டால் எந்தக் கல்யாணம், எந்த மண்டபம் என்று ஆதிமூலம் கேட்பார்; அது வழக்கம்.

"என்னா விசேஷம் பாய்?"

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான். வீட்டுக்குத்தான். நீங்களும் வந்துடுங்க."

கடை நேரத்தில் வர முடியாது, சாயங்காலம் தேக்சாவை ஏற்றிக்கொள்ள வரும்போது ஒரு தட்டு சாப்பிடுகிறேன் என்றார் ஆதிமூலம். ஆனால் அவர் புருவம் ஏறியது இறங்கவே இல்லை. சும்மா பிரியாணியா? இந்த ஊரில் சும்மா டீ வாங்கிக் கொடுத்தாலே என்ன காரியம் ஆகணும் என்று கேட்பார்கள். ஜெய்னுலாபுதீன் கடையை விட்டு இறங்கி நாலு அடி வைப்பதற்குள் சேதி கிளம்பிவிட்டது.

ஒவ்வொரு வீடாகப் போய்ச் சாப்பிட வாங்க என்று கூப்பிட்டபோதும் அதே கேள்விதான், அதே பதில்தான். என்ன விசேஷம்? சும்மாதான். மனிதர் அசட்டுச் சிரிப்பு வேறு சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆளாளுக்கு ஒரு விதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வீட்டுப் பின்புறம் விறகடுப்பு மூட்டி, தேக்சாவை ஏற்றியதும் அவர் முகமே வேறானது. இரண்டு நாளாகத் தொங்கிக் கிடந்த தோள் நிமிர்ந்தது. எண்ணெய் காய்ந்ததும் பட்டை, லவங்கத்தைக் கையால் அள்ளி வீசினார்; எண்ணிப் பார்க்கவில்லை. வெங்காயம் பொன்னிறமாகும் நேரத்தை வாசத்தில் பிடித்தார். கறியைப் புரட்டும்போது கரண்டி அவர் சொன்னபடி கேட்டது. உப்பு ஜாடிக்குள் கை போனது, ஒரு பிடி, இன்னொரு பிடி, மூன்றாவது பிடியில் பாதியைத் திரும்பப் போட்டது. அரிசி பதம் பார்த்து, மூடி போட்டு, ஓரத்தை மாவால் அடைத்து, மேலே கரி நெருப்பைப் பரப்பிவிட்டு அவர் எழுந்தபோது சுமலதா மதில் மேல் தலையை நீட்டி வாசம் பிடித்துக்கொண்டிருந்தாள். கை சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு பாத்திரத்தில்தான் என்று அவருக்குப் பெருத்த நிம்மதி.

ஜும்மா முடிந்து ஜனம் வர ஆரம்பித்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பட்டுப்புடவை, பாதிப் பேர் வெள்ளைச் சட்டை, சோக முகம். நூரீனுக்கு நிச்சயம் என்று நினைத்தவர்கள் பொட்டலம் கட்டிய பரிசோடு வந்தார்கள். வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள், பாத்திஹா ஓதிச் சோறு போடுகிறார்கள் என்று நினைத்தவர்கள் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். ஒரு அம்மாள் நூரீனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, மாப்பிள்ளை வெளிநாடா உள்நாடா என்று கேட்டாள். அதே நேரம் இன்னொருத்தி ரோஷன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு, தைரியமா இரு, எல்லாரும் ஒருநாள் போறவங்கதான் என்று விசும்பினாள். யார் போனது என்று ரோஷன் பீவிக்குக் கடைசிவரை தெரியவில்லை. வார்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு வந்த ஒருவர், ஜெய்னுலாபுதீனைத் தனியே தள்ளிக்கொண்டு போய், என்ன சின்னம் என்று ரகசியமாகக் கேட்டார். சொல்தா பெரியவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, பல்செட்டுக்கு ஒரு டப்பாவையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

இவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஜெய்னுலாபுதீனின் கண் ஒரே ஆள் மேல்தான் இருந்தது. அடைத்த மாவை உடைத்து மூடியைத் திறந்தார். ஆவி எழும்பியது, வந்திருந்த சோக முகமெல்லாம் ஒரே நொடியில் சோகத்தை மறந்தது. முதல் தட்டைப் போட்டு ரோஷன் பீவியிடம் நீட்டினார்.

அவள் அவரைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வீடு நிறைய ஆளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்காரி முதலில் உட்கார்ந்து தின்பாளா? ஊர் சிரிக்காதா? அந்தத் தட்டை வாங்கி நேராகக் கொண்டுபோய் சொல்தா பெரியவர் முன்னால் வைத்துவிட்டாள். அப்புறம் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பந்தியில் இறங்கியவள்தான், திரும்பி வரவே இல்லை. இங்கே தால்சா, அங்கே பச்சடி, இவருக்குத் தண்ணீர், அந்தக் குழந்தைக்கு எலும்பு இல்லாத துண்டு என்று பம்பரமாகச் சுற்றினாள். வயிற்றுப் புண்ணை வைத்துக்கொண்டு எப்படி உழைக்கிறாள் பார் என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

இப்போதுதான் ஜெய்னுலாபுதீன் தலைகளை எண்ணிப் பார்த்தார். நூறு பேருக்குப் போட்டிருக்கிறார். நிச்சயம், துக்கம், எலெக்‌ஷன் என்று மூன்று வதந்திக்கும் சேர்த்து வந்த கூட்டம் நூறில் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. பந்தி எழ எழ அடுத்த பந்தி உட்கார்ந்தது. சுமலதா மூன்றாவது தட்டில் இருந்தாள். தேக்சாவில் கரண்டி இறங்கிக்கொண்டே போனது.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு தட்டை எடுத்தார். நல்லி எலும்பு ஒன்று, சதைக்கறி நாலு, அடியில் மசாலா பிடித்த சோறு. விறகுக் குவியலுக்குப் பின்னால் வைத்து, மேலே தன் தோள் துண்டைப் போட்டு மூடினார். தொழிலுக்கு வந்த நாளில் இருந்து தேக்சாவில் இருந்து எதையும் ஒதுக்கி வைக்காத மனுஷன், துண்டின் நுனியை இரண்டு தரம் இழுத்துவிட்டார். சொந்தக் காசில் வாங்கிய கறி, சொந்த வீடு, சொந்தப் பெண்டாட்டி. ஆனாலும் திருடன் மாதிரி வேர்த்து ஊற்றியது. யாராவது அந்தப் பக்கம் போனால் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். விறகு வேண்டுமா என்று கேட்டவனை, அடுப்பு அணைந்த பிறகு விறகு எதற்கு என்று விரட்டினார்.

ஒரு வழியாகக் கூட்டம் கலைந்தது. தேக்சா அடியை வழித்துக் கடைசி ஆளுக்குப் போட்டாயிற்று. அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில் வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. ஆதிமூலம் இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, நேரே வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் இருந்து இதற்காகத்தான் வயிற்றைக் காயப் போட்டிருந்தாராம்.

கூப்பிட்டவரைப் பசியோடு அனுப்பிய சரித்திரம் ஜெய்னுலாபுதீனுக்கு இல்லை. தேக்சா காலி என்று சொன்னார். ஆதிமூலம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார், உண்மையாகவே காலிதான். ஆனால் அவருக்கு மூக்கு இருந்தது. அந்த மூக்கு அவரை மெல்ல விறகுக் குவியல் பக்கம் கூட்டிப் போனது.

"அந்தத் துண்டுக்கு அடியில என்னா பாய்?"

கூடத்தில் மிச்சமிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த சுமலதா நின்றாள். நூரீனும் நின்றாள். உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்த ரோஷன் பீவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஜெய்னுலாபுதீனின் காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

"எடுத்து வெச்சேன்," என்றார். "நான்தான் எடுத்து வெச்சேன் அண்ணே. அது ரோஷனோடது. இத்தினி வருஷமா அவ ஒரு வாய் சாப்ட்டதில்ல. நீங்க என்னா வேணா நெனச்சுக்கங்க, அத மட்டும் நான் யாருக்கும் தர மாட்டேன்."

ஆதிமூலம் துண்டைப் பார்த்தார். ரோஷன் பீவியைப் பார்த்தார். இந்த அம்மாளுக்கு வயிற்றுப் புண் என்றல்லவா தன் வீட்டுக்காரி வருஷா வருஷம் மணத்தக்காளி வற்றல் கொடுத்து அனுப்புகிறாள் என்று அவருக்குக் குழப்பம். ஆனால் விவரம் தெரிந்தவர், எதையும் கேட்கவில்லை. தேக்சாவைக் கழுவி வையுங்கள், முக்குக் கடையில் பன் தின்றுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ரோஷன் பீவி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஜெய்னுலாபுதீன் துண்டை எடுத்துவிட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்தார். ஆறிப்போய்த்தான் இருந்தது. அவள் முதல் கவளம் எடுத்து வாயில் வைத்தாள். ஆயிரம் பேர் பந்தி நடுவில் அலட்சியமாக நடக்கிற மனுஷன், அந்த ஒரே ஒரு வாயைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றார். உப்பு சரியாக இருக்கிறதா, கறி வெந்திருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று மூன்று தரம் கேட்டார்.

"சும்மா இருங்க. சாப்புடறேன்ல," என்றாள் அவள்.

அவள் கண் கலங்கியிருந்தது. பச்சை மிளகாய் என்று சுமலதா நூரீனிடம் கிசுகிசுத்தாள். பிரியாணியில் கிடந்த பச்சை மிளகாயை எல்லாம் ரோஷன் பீவி ஏற்கெனவே எடுத்து ஓரமாக வைத்திருந்தாள். நல்லியைத் தட்டில் தட்டி, மஜ்ஜையை உறிஞ்சி, விரல் ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சப்பினாள். தட்டில் ஒரு பருக்கை இல்லை. பிறகு நிமிர்ந்து, எந்தப் பெண்டாட்டியும் புருஷனிடம் நீட்டுகிற மாதிரி, வெகு சாதாரணமாகத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க."

ஜெய்னுலாபுதீன் தேக்சாவைப் பார்த்தார். நூரீன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். தட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் பன் தின்றுவிட்டு வந்த ஆதிமூலம், தேக்சாவை வண்டியில் ஏற்றுவதற்காகப் பின்பக்கமாக வந்து ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். ஜெய்னுலாபுதீன் ஓடிப்போய் இன்னொரு காதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அண்ணே, இது இங்கயே இருக்கட்டும். நாளைக்கும் வேணும்."

"நாளைக்கு என்னா விசேஷம் பாய்?"

"ரோஷன் மறுசோறு கேட்டுட்டா."